தாய் உயிருடன் இருந்தும் அந்தச் சிறுமி ஏன் மூஸ்ஹார்ட்டில் வளர்ந்தாள்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள மூஸ்ஹார்ட் என்பது எத்தகைய இடம், அதை நடத்தியவர்கள் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது அதுவன்று என்பது உங்கள் கேள்வியின் கடைசி வரியில் தெரிகிறது. உங்கள் மருமகனின் வீட்டில் கிடைத்த பழைய படத்தில் அவருடைய கொள்ளுப்பாட்டி ஒன்பது அல்லது பத்து வயதுச் சிறுமியாக, மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கிறார். படத்தின் பின்புறத்தில் மூஸ்ஹார்ட் என்ற பெயரும் 1924 என்ற ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அவருடைய தாயார் அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகள் உயிரோடு இருந்ததாகக் குடும்பத்தில் சொல்கிறார்கள். பெற்ற தாய் இருக்கும்போது அநாதை இல்லம் எதற்கு, அவர் பிள்ளையைக் கைவிட்டாரா என்பதே கேள்வி. உங்கள் பேத்திக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்று தயங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தயக்கத்துக்காகவே சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

நான் ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஆறு ஆண்டுகள் சேர்க்கைப் பதிவேடுகளைக் கவனித்துவிட்டு, பிறகு சமூகப்பணித் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன். குழந்தைகள் இல்லங்களின் வரலாறு நான் எடுத்த பாடங்களில் ஒன்று. அதில் மூஸ்ஹார்ட்டுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஒரு வாரம் ஒதுக்குவேன். ஓர் இல்லத்தைப் புரிந்துகொள்ள அதன் கட்டடங்களையோ ஆண்டு விழாப் படங்களையோ பார்ப்பதைவிட, யாரைச் சேர்த்துக்கொண்டார்கள், எந்த உரிமையின் பேரில் சேர்த்துக்கொண்டார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது பதிவேடுகள் எனக்குக் கற்றுத்தந்த பாடம். அந்த முறையில் பார்த்தால் உங்களுக்குரிய சுருக்கமான விடை இது: தந்தை உறுப்பினராக இருந்த ஒரு சகோதர சங்கம், அவர் இறந்தால் பிள்ளைகளை வளர்ப்பதாகக் கொடுத்திருந்த வாக்கை நிறைவேற்றியது. தாய் கைவிட்டார் என்று முடிவுகட்ட அந்தப் படத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. அவரும் அதே வளாகத்தில் இருந்திருக்கக்கூடும் என்பதையும் நீங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் அநாதை என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். தாய் தந்தை இருவரும் இல்லாத பிள்ளையையே நாம் அநாதை என்கிறோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அநாதை இல்லம் என்று பெயர்ப்பலகை தாங்கிய இடங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பெற்றோரில் ஒருவரை இழந்தவர்களே அதிகம். அவர்களை அங்கே அரை அநாதை என்றே குறித்தார்கள். காரணம் சுரங்கமும் உலையும் ரயில் பாதையும்தான். இல்லினாய் மாநிலத்தின் செர்ரி என்ற சிற்றூரில் 1909 நவம்பர் 13 அன்று நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்து 259 பேர் இறந்தார்கள். ஒரே நாளில் அந்த ஊரின் பெரும்பகுதி விதவைகளின் ஊராயிற்று. அதற்கு முன் தொழிலாளி ஒருவர் வேலையில் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பது மிகவும் அரிது. ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தார், உடன் வேலை செய்தவரின் தவறால் விபத்து நேர்ந்தது, இறந்தவரே கவனக்குறைவாக இருந்தார் என்ற மூன்று வாதங்களில் ஏதேனும் ஒன்றைச் சொல்லி முதலாளி நீதிமன்றத்தில் தப்பிவிட முடிந்தது. இழப்பீட்டுச் சட்டங்கள் பல மாநிலங்களில் 1911-ஐ ஒட்டித்தான் வரத் தொடங்கின.

நான்கு பிள்ளைகளோடு தனித்து நின்ற ஒரு பெண்ணுக்கு அந்நாளில் இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். வீட்டு வேலைக்குப் போகலாம். ஆனால் அங்கேயே தங்கி வேலை செய்பவளைத்தான் பெரும்பாலான வீடுகளில் விரும்பினார்கள், பிள்ளைகளோடு வருபவளை அல்ல. துணி வெளுத்துக் கொடுக்கலாம், வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடலாம், மூத்த பையனைப் படிப்பை நிறுத்திவிட்டு ஆலைக்கு அனுப்பலாம். நியூயார்க் போன்ற கிழக்கு நகரங்களில் ஏழைப் பிள்ளைகளை ரயிலேற்றி மேற்குப் பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பும் வழக்கம் 1854-இல் தொடங்கி 1929 வரை நடந்தது. அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளில் பலருக்கும் பெற்றோர் இருந்தார்கள். ஆகவே அந்தக் காலத்துத் தாய் ஒருத்தி பிள்ளையை ஓர் இல்லத்தில் சேர்த்தாள் என்றால், தன்னால் வளர்க்க முடிந்தும் வேண்டாம் என்று விட்டாள் என்று பொருள் கொள்வது பெரும்பாலும் தவறாகவே முடியும்.

இனி அந்தச் சங்கம். அதன் கிளைகளை லாட்ஜ் என்று அழைப்பார்கள். நம் ஊரில் லாட்ஜ் என்றால் அறை எடுத்துத் தங்கும் விடுதி நினைவுக்கு வரும். அங்கே அது சடங்கு, உறுதிமொழி, சந்தா ஆகியவற்றோடு கூடிய கிளைச் சபை. ஃப்ரீமேசன்கள், ஆட்ஃபெல்லோக்கள், ஈகிள்ஸ், எல்க்ஸ் என்று இத்தகைய சங்கங்கள் பல இருந்தன. 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இவற்றில் ஏதோ ஒன்றில் உறுப்பினராக இருந்தார் என்பது வரலாற்றாளர்களின் மதிப்பீடு. கூடிக் களிப்பதற்காக மட்டும் அவ்வளவு பேர் சேரவில்லை. நோயில் படுத்தால் வாராந்தர உதவி, இறந்தால் அடக்கச் செலவு, சில சங்கங்களில் மருத்துவர், சிலவற்றில் முதியோர் இல்லமும் குழந்தைகள் இல்லமும் என்று, அரசோ முதலாளியோ தராத பாதுகாப்பை உறுப்பினர்கள் தங்களுக்குள் ஏற்படுத்திக்கொண்டார்கள். இதைத் தருமம் என்று சொல்வதைவிட நம் மொய் வழக்கத்தோடு ஒப்பிடுவது பொருத்தமாக இருக்கும். இன்று நான் உனக்குச் செய்தது நாளை எனக்கு வந்து சேரும். அதனால் வாங்குகிறவர் தலை குனிய வேண்டியதில்லை. 1890-க்கும் 1922-க்கும் இடையில் மட்டும் இத்தகைய சங்கங்கள் 71 குழந்தைகள் இல்லங்களைத் தொடங்கின. பெயரால் அதிகம் அறியப்பட்டது மூஸ்ஹார்ட்.

மூஸ் என்பது வட அமெரிக்கக் காடுகளில் வாழும், அகன்ற கொம்புகளை உடைய மிகப் பெரிய மான். அதன் பெயரைத் தாங்கிய லாயல் ஆர்டர் ஆஃப் மூஸ் என்ற சங்கத்தை மருத்துவர் ஜான் ஹென்றி வில்சன் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 1888-இல் தொடங்கினார். தொடக்கத்தில் அது கூடிப் பேசும் சங்கம் மட்டுமே. குழந்தைகள் இல்லம் பற்றிய எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. 1906-இல் அது ஏறத்தாழ அழிந்தே போயிருந்தது. இண்டியானா மாநிலத்தில் கிராஃபோர்ட்ஸ்வில் என்ற ஊரில் அவ்வாண்டு அக்டோபரில் கூடியபோது நாடு முழுவதிலும் அதற்கு இருந்தவர்கள் 246 பேர். அன்று 247-ஆவது உறுப்பினராகச் சேர்ந்த ஜேம்ஸ் ஜே. டேவிஸ் என்பவரே பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

டேவிஸ் வேல்ஸ் நாட்டின் ட்ரெடிகார் ஊரில் 1873-இல் பிறந்து, 1881-இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, பென்சில்வேனியாவின் இரும்பு ஆலைகளில் தந்தையிடம் தொழில் கற்றவர். அந்தத் தொழில் எத்தகையது என்று தெரிந்தால் அவர் ஏன் இப்படி ஒரு திட்டத்தைக் கையில் எடுத்தார் என்பது விளங்கும். உலைக்குள் உருகிக் கிடக்கும் வார்ப்பிரும்பை, உலைவாயில் நின்றுகொண்டு நீண்ட கம்பியால் இடைவிடாது கிளற வேண்டும். இரும்பில் கலந்திருக்கும் கரி எரிந்து நீங்க நீங்க அது கெட்டியாகி, பிசைந்த மாவைப் போலத் திரளத் தொடங்கும். அதை உலைக்குள்ளேயே பெரும் உருண்டைகளாகச் சேர்த்து, இடுக்கியால் பற்றி வெளியே இழுக்க வேண்டும். இது ஆள் பலமும் அனுபவமும் சேர்ந்தால் மட்டுமே முடிகிற வேலை. இரண்டில் ஒன்று போனால் கூலியும் போகும். அப்படிப்பட்ட தொழிலாளர்களிடம்தான் டேவிஸ் உறுப்பினர் சேர்க்கப் போனார். சிறிய சந்தா கட்டினால் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு என்று அவர் சொன்னது அவர்களுக்கு உடனே புரிந்தது. 246 பேராக இருந்த சங்கம் 1912-க்குள் ஏறத்தாழ 5 இலட்சம் பேரை எட்டியது.

அந்த வளர்ச்சியிலிருந்து வந்த பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். சிகாகோவுக்கு மேற்கே சுமார் 40 மைல் தொலைவில், ஃபாக்ஸ் ஆற்றின் மேற்குக் கரையில், பட்டேவியாவுக்கும் நார்த் அரோராவுக்கும் நடுவே புரூக்லைன் பண்ணை என்ற பெரிய பண்ணை இருந்தது. அதையும் பக்கத்து நிலங்கள் இரண்டையும் சேர்த்து 1,023 ஏக்கர், 1913 மார்ச் 1 அன்று சங்கத்தின் கைக்கு வந்தது. பெயரை அதற்கு ஒரு மாதம் முன்பே முடிவுசெய்துவிட்டார்கள். ஒஹாயோவைச் சேர்ந்த ஜான் லென்ட்ஸ் என்ற அரசியல்வாதி மூஸ்ஹார்ட் என்று முன்மொழிந்தார். மூஸ் சங்கத்தின் இதயம் என்று பொருள். 1913 ஜூலை 27 அன்று அமெரிக்கத் துணை அதிபர் தாமஸ் மார்ஷல் வந்து தொடங்கிவைத்தார். அன்று அங்கே இருந்த பிள்ளைகள் 11 பேர் மட்டுமே. ஆயிரம் ஏக்கர் நிலத்தில் 11 பிள்ளைகள் என்ற இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் முக்கியமாகத் தோன்றியிருக்கிறது. இன்னும் சேராத பிள்ளைகளுக்காக, இன்னும் இறக்காத தந்தையர் முன்கூட்டியே செய்துவைத்த ஏற்பாடு அது.

பிள்ளையைச் சேர்க்கும் முறையும் இதே தன்மையுடையது. இறந்த தந்தை சந்தா பாக்கியில்லாத உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். அவருடைய கிளைச் சபை விண்ணப்பத்தை முன்வைக்க வேண்டும். சேர்ந்தபின் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை வைத்துக் காப்பது சங்கத்தின் பொறுப்பு. தாயையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும் வழக்கம் மூஸ்ஹார்ட்டில் தொடக்க காலம் முதலே இருந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய செய்தி. கணவனை இழந்து பிள்ளைகளோடு வந்த பெண்கள் அங்கே விடுதிகளைக் கவனிக்கும் பொறுப்பிலும் சமையலிலும் மற்ற வேலைகளிலும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் தனிக் குடித்தனம் நடத்தினார்கள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகளை வயதுவாரியாக, ஆண் பெண் என்று பிரித்துத் தனித்தனி விடுதிகளில் வைத்திருந்தார்கள். அதனால் அக்காள் ஒரு கட்டடத்திலும் தம்பி வேறொரு கட்டடத்திலும் தாய் மூன்றாவது கட்டடத்தில் பிறர் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டும் இருப்பது அங்கே இயல்பான நிலை. கண்ணால் பார்க்கலாம், பேசலாம், ஆனால் தூங்கவைக்க முடியாது என்ற அந்த வாழ்க்கையை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சற்று நேரம் பேசாமல் இருப்பார்கள்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை பல இருக்கின்றன. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கிடத்தும் பழைய பாணி அநாதை இல்லமாக அதை அமைக்கவில்லை. சிறு சிறு விடுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், உள்ளேயே பள்ளி, மருத்துவமனை, பண்ணை, பட்டறைகள் என்று ஒரு சிற்றூராகவே அமைத்தார்கள். பிள்ளைகளின் நகரம் என்பதே அவர்கள் அதற்குக் கொடுத்த விளம்பரப் பெயர். பெரிய விடுதிகள் பலவும் அவற்றுக்குப் பணம் கொடுத்த மாநிலச் சங்கங்களின் பெயரைத் தாங்கியவை. ஏட்டுப் படிப்போடு ஒரு கைத்தொழிலும் கற்காமல் எவரும் வெளியேறக் கூடாது என்பதில் டேவிஸ் பிடிவாதமாக இருந்தார். பையன்கள் அச்சுத் தொழிலும் உலோக வேலையும் கற்றார்கள். கான்கிரீட்டில் அச்சு வார்த்து வளாகத்தின் கட்டுமானத்துக்கே கைகொடுத்தார்கள். பெண் பிள்ளைகளுக்குத் தையலும் தட்டச்சும் சுருக்கெழுத்தும். இசைக்குழுவும் விளையாட்டும் இரு பாலாருக்கும் பெரும் இடம் பிடித்தன. மத விஷயத்தில் இறந்த தந்தையின் மதம் எதுவோ அதிலேயே பிள்ளையை வளர்த்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கராகவும் புராட்டஸ்டண்ட் பிள்ளை அவ்வாறே தன் வழியிலும் வளரத் தனித்தனி வழிபாடு இருந்தது. கத்தோலிக்கருக்கு எதிரான வெறுப்பு நாட்டில் பரவிக்கிடந்த 1920-களில் இது சிறிய செய்தியன்று.

ஒரு சடங்கை மட்டும் அருகில் நின்று பார்ப்போம். நாடெங்கும் உள்ள மூஸ் கிளைகளில் இரவு மணி ஒன்பது அடித்தால், நடந்துகொண்டிருப்பது எதுவானாலும் நிறுத்திவிட்டு, உறுப்பினர்கள் எழுந்து மூஸ்ஹார்ட் இருக்கும் திசையை நோக்கித் திரும்பி, கைகளைக் கட்டித் தலை குனிந்து நிற்பார்கள். சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள் என்ற விவிலிய வாசகத்தைச் சொல்லி, மூஸ்ஹார்ட்டைக் கடவுள் காக்கட்டும் என்று முடிப்பார்கள். அதே ஒன்பது மணிக்கு அங்கே பிள்ளைகள் படுக்கையருகில் முழங்காலிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருப்பார்கள் என்பது அந்தச் சடங்கின் நம்பிக்கை. பென்சில்வேனியாவில் எஃகு ஆலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் கிளைக்கு வந்த ஒருவர், நாளை தனக்கு ஏதேனும் நேர்ந்தால் தன் மகள் போய்ச் சேரக்கூடிய திசையை நோக்கித்தான் ஒவ்வோர் இரவும் நின்றார்.

இனி கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள பகுதிக்கு வருகிறேன். மூஸ்ஹார்ட் தொடங்கப்படுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1909 ஜனவரியில், அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாடு, வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று அறிவித்திருந்தது. அதன் தொடர்ச்சியாக 1911-இல் இல்லினாய் மாநிலம்தான் மாநிலம் முழுவதற்குமான முதல் தாய்மார் உதவித்தொகைச் சட்டத்தை இயற்றியது. குழந்தைநலத் துறையில் பயிற்சி பெற்றவர்கள் அப்போதே பெரிய இல்லங்களுக்கு எதிராகப் பேசினார்கள்; என் ஆசிரியர்களும் அந்த மரபில் வந்தவர்களே, நானும் பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தேன். கொள்கையளவில் அவர்கள் சொன்னது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆயினும் சட்டத்தில் எழுதிய உதவி தாயின் கைக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். தொகை சிறியது, சட்டத்தை நடைமுறைப்படுத்திய சிறார் நீதிமன்றம், அலுவலரை வீட்டுக்கு அனுப்பி, இவள் தகுதியான தாயா, வீடு சுத்தமாக இருக்கிறதா, யார் வந்துபோகிறார்கள் என்று விசாரித்துத்தான் முடிவு செய்யும். இரண்டையும் எதிரெதிரே வைத்தால், கணவன் கட்டிய சந்தாவின் உரிமையில் மூஸ்ஹார்ட்டுக்கு விண்ணப்பித்த பெண், நீதிமன்றத்தின் முன் தன் ஒழுக்கத்தை நிரூபிக்கப் போன பெண்ணைவிடத் தலை நிமிர்ந்து நடந்திருப்பாள் என்று கருதுகிறேன். இது என் கருத்து. துறையில் இதை ஏற்காதவர்கள் பலர் உண்டு.

மூஸ்ஹார்ட்டில் எனக்கு மனம் ஒப்பாத ஒன்று அங்கே 1930-இல் தொடங்கிய குழந்தை ஆய்வுக்கூடம். நார்வேயில் பிறந்த உளவியலாளர் மார்ட்டின் ரெய்மர்ட் அதன் இயக்குநர். ஒரே உணவு, ஒரே பள்ளி, ஒரே கால அட்டவணையில் வளரும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஓரிடத்தில் கிடைப்பது உளவியலாளர்களுக்கு அரிய வாய்ப்பாக இருந்தது. உணர்வுகளும் உணர்ச்சிகளும் பற்றிய பெரிய கருத்தரங்கு ஒன்று 1948-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்து அங்கே நடந்தது. அதன் கட்டுரைத் தொகுதியை உளவியல் மாணவர்கள் நெடுநாள் படித்தார்கள். பிள்ளைக்கு எந்தத் தொழில் பொருந்தும், எதில் தடுமாறுகிறது என்று அறிய அந்தச் சோதனைகள் உதவின என்பதை மறுக்கவில்லை. ஆனால் இன்று ஒரு குழந்தையிடம் ஆய்வு நடத்த அக்குழந்தையின் சார்பில் சுதந்திரமாக வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவரின் சம்மதம் வேண்டும் என்கிறோம். காப்பாளரும் ஆய்வுக்கு இடம் கொடுப்பவரும் ஒரே நிறுவனமாக இருக்கும்போது அந்தச் சம்மதத்துக்குப் பொருளில்லை. உங்கள் மருமகனின் கொள்ளுப்பாட்டி 1930-க்குப் பிறகும் அங்கே இருந்திருந்தால், அவருடைய கோப்பில் சோதனை மதிப்பெண்கள் இருப்பதற்கு வாய்ப்புண்டு.

இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவனாக மாட்டேன். அந்தச் சங்கத்தின் விதி வெள்ளை இனத்தவரை மட்டுமே உறுப்பினராக ஏற்றது. தந்தை உறுப்பினராக முடியாது என்றால் பிள்ளைக்கு உரிமையும் கிடையாது. செர்ரி சுரங்கத்தைப் போன்ற ஒரு சுரங்கத்தில் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் இறந்தால், பக்கத்தில் இறந்த வெள்ளையரின் பிள்ளைக்குத் திறந்த கதவு அவருடைய பிள்ளைக்குத் திறக்கவில்லை. இந்த விலக்கல் எவ்வளவு காலம் நீடித்தது என்பதை ஒரு வழக்கின் வழியே தெரிந்துகொள்ளலாம். 1968-இல் பென்சில்வேனியா சட்டமன்ற உறுப்பினரான கே. லெராய் இர்விஸ், ஹாரிஸ்பர்க் நகரில் உள்ள மூஸ் கிளைக்கு வெள்ளை இன உறுப்பினர் ஒருவரின் விருந்தினராகச் சென்றார். அவர் கறுப்பினத்தவர் என்பதற்காகவே அவருக்கு உணவும் பானமும் பரிமாற மறுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தனியார் சங்கத்துக்கு அரசு மதுபான உரிமம் கொடுத்ததாலேயே அதன் பாகுபாடு அரசின் செயலாகிவிடாது என்று 1972 ஜூனில் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தார்கள். சங்கம் வழக்கில் வென்றது. ஆயினும் அதற்கு அடுத்த ஆண்டே இன விதியை நீக்கியது. இர்விஸ் பின்னாளில் அதே மாநிலச் சட்டமன்றத்தின் அவைத்தலைவரானார். உள்ளே இருப்பவருக்குத் தலைகுனிவில்லாத உரிமையைத் தந்ததும், வெளியே இருப்பவரை முற்றிலும் மறந்ததும் உறுப்பினர் என்ற அந்த ஒரே சொல்தான். என் மாணவர்களில் சிலர் முதல் பாதியை மட்டும் குறித்துக்கொள்வார்கள், சிலர் இரண்டாம் பாதியை மட்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்வேன்.

இவையெல்லாம் உறுப்பினர் சேர்க்கும் விளம்பரந்தானே என்றும் கேட்டிருந்தீர்கள். விளம்பரமாகவும் பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. டேவிஸ் 1921-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறைச் செயலரானார். மூன்று அதிபர்களின் கீழ் 1930 வரை அப்பதவியில் இருந்து, பிறகு 1945 வரை பென்சில்வேனியாவின் செனட்டராக இருந்தார். 1922-இல் அவர் பெயரில் வெளிவந்த தன்வரலாறு அவருடைய ஆலை வாழ்க்கையையும் மூஸ்ஹார்ட்டையும் ஒன்றாகப் பிணைத்து அவரை மக்களிடம் கொண்டுசென்றது. அதில் உள்ளதை நான் வரலாற்று ஆதாரமாகத் தனித்து ஏற்பதில்லை, வேறொரு பதிவு ஒத்துப்போனால் மட்டுமே ஏற்பேன். அவரே சிறு வயதில் புலம்பெயர்ந்து வந்தவர்; ஆனால் செயலராக இருந்தபோது புலம்பெயர்வைக் கட்டுப்படுத்துவதை ஆதரித்தார். சங்கத்தின் நிதி திரட்டும் விழாக்கள் உண்மையில் பரிசுச் சீட்டு நடத்துவதாகும் என்று 1932-இல் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 1933-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இத்தனையும் இருக்க, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அங்கே உண்டு உறங்கிப் படித்து வெளியேறினார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை. விளம்பரத்துக்காக மட்டும் ஒரு பிள்ளையைப் பதினெட்டு வயது வரை வளர்க்க முடியாது.

பிள்ளைகள் அங்கே மகிழ்ச்சியாக இருந்தார்களா என்பது எளிதில் விடை சொல்ல முடியாத கேள்வி. சகோதர சங்கங்களின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த டேவிட் பெய்ட்டோ, மூஸ்ஹார்ட்டில் வளர்ந்தவர்களிடமே கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் நன்றியோடே நினைவுகூர்ந்தார்கள், படிப்பிலும் வருமானத்திலும் அவர்கள் பின்தங்கிவிடவுமில்லை. நான் இதை மதிக்கிறேன், ஆனால் ஒரு எச்சரிக்கையோடு. வினாத்தாளுக்குப் பதில் எழுதுபவர், பழைய மாணவர் சங்கத்தோடு தொடர்பை விடாமல் வைத்திருப்பவர். ஓடிப்போனவரும், வாழ்நாளெல்லாம் அந்தப் பெயரைச் சொல்ல விரும்பாதவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நான் பதிவேடு பார்த்த இல்லத்திலும் இதையே கண்டேன்: ஒரே ஆண்டு, ஒரே விதிமுறை, ஒரே சமையல், ஆனால் ஒரு விடுதியில் வளர்ந்தவர்கள் ஆண்டுதோறும் இனிப்போடு வருவார்கள், அடுத்த விடுதியில் வளர்ந்தவர்கள் வரவே மாட்டார்கள். அந்த விடுதிக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணி யார் என்பதே வேறுபாடு. அதனால் அந்தச் சிறுமி தன் பிள்ளைகளிடம் மூஸ்ஹார்ட்டைப் பற்றி என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் தவிர்த்தார் என்று உங்கள் மருமகனின் குடும்பத்தில் மூத்தவர்கள் இருந்தால் இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயதான உறுப்பினர்களுக்காக 1922-இல் ஃபுளோரிடாவின் ஆரஞ்ச் பார்க் ஊரில் மூஸ்ஹேவன் என்ற இல்லத்தை அதே சங்கம் தொடங்கியது. 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் தந்தையில்லாப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே உதவி தரத் தொடங்கியபின் நாடு முழுவதிலும் இத்தகைய இல்லங்கள் மெல்ல மூடப்பட்டன, மூஸ்ஹார்ட் மூடப்படவில்லை. இன்றும் அதே ஆற்றங்கரையில், பழைய எண்ணிக்கையில் ஒரு பங்கே ஆன பிள்ளைகளோடு நடக்கிறது. உறுப்பினரின் பிள்ளையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இப்போது இல்லை. பிள்ளைகளை அங்கே கொண்டுவருவதும் பெரும்பாலும் தந்தையின் சாவு அல்ல, குடும்பம் வேறு வகைகளில் சிதைவதே.

உங்கள் ஐயத்தைத் தீர்க்க ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்களை 72 ஆண்டுகள் கழித்து எல்லோரும் பார்க்க வெளியிடுவார்கள். 1920, 1930, 1940 ஆகிய மூன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. இல்லினாய் மாநிலம், மூஸ்ஹார்ட் இருக்கும் கேன் கவுண்டி (நம் மாவட்டத்தைப் போன்ற பிரிவு) என்று தேடி, அந்தச் சிறுமியின் பெயரை முதலில் கண்டுபிடியுங்கள். 1930-இல் அவருக்குப் பதினைந்து பதினாறு வயது இருக்கும் என்பதால் இன்னும் அங்கேயே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர் பெயர் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். அதே நிறுவனத்துக்குரிய தாள்களை முன்னும் பின்னும் புரட்டி, பணியாளர்களாகப் பதிவானவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்; விதவை என்ற குறிப்போடு, சமையல் அல்லது விடுதிப் பொறுப்பு என்ற தொழிலோடு, அந்தச் சிறுமியின் குடும்பப் பெயரைக் கொண்ட பெண் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் தந்தை இறந்த ஊரின் தாள்களில், பிறர் வீட்டில் வேலைக்குத் தங்கியிருப்பவர்களின் வரிசையில் தேடுங்கள். நேரடி வாரிசு என்ற முறையில் உங்கள் மருமகன் மூஸ்ஹார்ட் நிர்வாகத்துக்கு எழுதிக் கொள்ளுப்பாட்டியின் சேர்க்கைக் கோப்பைக் கேட்கலாம். கடிதத்தில் தந்தையின் முழுப்பெயர், இறந்த ஆண்டு, அவர் எந்த ஊர்க் கிளையில் உறுப்பினராக இருந்தார் என்ற மூன்றும் இருந்தால் தேடுபவர்களுக்கு எளிதாக இருக்கும். கோப்பு கிடைத்தால், விண்ணப்பத்தில் தாயின் கையெழுத்து இருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள்.